வள்ளியம்மா என்று கேட்டு வருவான்

ஆச்சின் தெருச் சந்தில் சபூராவின் வீட்டுக் கதவை யாராவது தட்டினால், பெரும்பாலும் அது சாவுச் செய்தியாகத்தான் இருக்கும். பினாங்கு நகரத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பெண் ஒருத்தி கண்மூடினால், குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்த அவளைத்தான் கூப்பிடுவார்கள். புருஷன் சுலைமான் துறைமுகத்துத் தோணிகளில் மூட்டை ஏற்றி இறக்கியவன். ஒரு மழைக்காலத்தில் கடலோடு போய்விட்டான். பிள்ளை இல்லை. அதற்குப் பிறகு வயிற்றுப்பாட்டுக்காக அவள் பழகிக்கொண்ட வேலை இது. கல்யாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடச் சிலர் தயங்குவார்கள். அவளும் போய் நிற்பதில்லை.

1930இல் ரப்பர் விலை அடியோடு விழுந்தது. கெடாவிலும் பேராக்கிலும் தோட்டங்கள் ஆட்களை நிறுத்தின. குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி பண்ணச் சொன்னார்கள். துறைமுகம் உள்ள ஊருக்குப் போனால் சொந்த நாட்டுக்குக் கப்பல் கிடைக்கும் என்று யாரோ சொன்ன பேச்சை நம்பி, தமிழ்ச் சனம் சாரைசாரையாக எதிர்க்கரைப் பிறையில் படகேறிப் பினாங்கில் வந்து இறங்கியது. கப்பல் கிடைக்கவில்லை. கடைகளின் முன்னால் இருக்கும் நடைபாதையில் கந்தலை விரித்துப் படுத்தார்கள். பகலில் கடைக்காரர்கள் தண்ணீரை ஊற்றி விரட்டுவார்கள். பொழுது சாய்ந்ததும் திரும்ப வந்து அதே ஈரத்தில் படுப்பார்கள்.

ஒருநாள் காலையில் சூலியா தெருவிலிருந்து ஆள் வந்தது. நடைபாதையில் தோட்டத்துப் பெண் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். பேதி கண்டு போனதால் யாரும் கிட்டப் போகவில்லை. பிணவண்டிக்காரன்கூடத் தள்ளி நின்று பீடி குடிக்கிறான் என்றான் வந்தவன்.

"நம்ம ஆளு இல்ல, லாத்தா. ஆனா பொம்பள. அப்படியே கெடக்கு."

சபூரா போனாள். இறந்தவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. சேலை முழுக்க நனைந்து நாறியது. பால்குடி மாறாத பெண் குழந்தை ஒன்று அவள் மார்பைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் புருஷன் நல்லமுத்து, சுவரில் முதுகைச் சாய்த்து, எதிரே இருந்த சீனன் கடைப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இடுப்பை ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி கட்டிக்கொண்டிருந்தாள்.

சபூரா குழந்தையைப் பிரித்தெடுத்துச் சிறுமியின் கையில் கொடுத்தாள். இரண்டு பேரைச் சேலை பிடித்து மறைக்கச் சொன்னாள். ஓதவில்லை, சடங்கு எதுவும் செய்யவில்லை. கழுவி, துடைத்து, தன் பழைய சேலை ஒன்றைச் சுற்றி அனுப்பினாள். அந்த உடம்பில் சதையே இல்லை. இவள் பேதியில் சாகவில்லை, பட்டினியில் செத்திருக்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

"கடைசியா எப்பப்பா சாப்பிட்டீங்க?" என்று நல்லமுத்துவிடம் கேட்டாள்.

அவன் யோசித்தான். சிறுமிதான் சொன்னாள். "அம்மாதான் வாங்கியாரேன்னுச்சு."

சபூரா வீட்டுக்குத் திரும்பவில்லை. கையின் ஈரம் காயாமலே பீச் தெருவுக்கு நடந்தாள். அங்கே அரிசி வியாபாரி ஹனீபாவின் கிட்டங்கி மாதக்கணக்கில் வெறுமையாகக் கிடந்தது ஊருக்கே தெரியும். ஹனீபா கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கடைக்குள் பெண்பிள்ளை நேராக வந்து நிற்பதைக் கண்டு முகத்தைச் சுளித்தார்.

"என்ன சபூரா? யாரு மவுத்து?"

"இன்னும் நெறைய பேரு மவுத்தாப் போறாங்க, நானா. ஒங்க கிட்டங்கிச் சாவிய தாங்க."

"எதுக்கு?"

"ரோட்ல கெடக்கற சனத்த உள்ள படுக்க வெக்க."

"ஒனக்குப் பைத்தியமா? நோய்க்காரங்க. நாளைக்கு மூட்டை அடுக்கற எடம்லா அது."

சபூரா குரலை உயர்த்தவில்லை. "ஒங்க உம்மா மவுத்தானப்போ முதுகு பூரா புண்ணு. சொந்த மருமக்களே மூக்கப் பொத்திட்டு வெளிய நின்னாங்க. நான் மூக்கப் பொத்துனனா?"

கடையில் இருந்த கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். ஹனீபா இழுப்பறையைத் திறந்து சாவியை மேசைமேல் வைத்தார். "வாடகைக்கு ஆள் வந்தா அன்னைக்கே காலி பண்ணிடணும். சொல்லிட்டேன்."

கிட்டங்கி நிரம்ப ஒருநாள் பிடிக்கவில்லை. செத்தவர்களோடு புழங்கியவளுக்கு உயிரோடிருப்பவர்களை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. அடுப்பு எங்கே மூட்டுவது, கக்கூசுக்கு என்ன செய்வது, சண்டையை யார் விலக்குவது, எதுவும் தெரியாது. பக்கத்துச் சந்தில் துணி வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் வேதக்காரப் பெண் அமலம்மாள் முதல் நாள் வேடிக்கை பார்க்க வந்தாள். மறுநாள் தன் பெரிய வெள்ளாவிப் பானையோடு வந்தாள். "பாத்துட்டு எப்படிக்கா வீட்ல போயி சோறு திங்கறது?" என்றாள். பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அண்டாவைச் சபூரா இரவல் கேட்டு வாங்கினாள். பசார் கலையும் நேரத்தில் இருவரும் போய், வாடிய கீரையும் உடைந்த பூசணியும் அள்ளி வந்தார்கள். பாலிக் புலாவ் மீன்காரர்கள் விற்காத கருவாட்டைத் தந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கஞ்சியில் போட்டார்கள்.

துலுக்கச்சி கைக் கஞ்சி வேண்டாம் என்று ஒரு கிழவர் இரண்டு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாம் நாள் அமலம்மாள் கொண்டுபோனபோது குடிக்க எழுந்தார். வயிறு அதற்குள் ஏற்க மறுத்துவிட்டது. அவரையும் பிணவண்டியில் ஏற்றினார்கள்.

அப்படிப் பலர் போனார்கள். பேதி கிட்டங்கியை விட்டு வெளியேறவே இல்லை. விடிந்ததும் சபூரா வரிசையாக நடந்து ஒவ்வொருவர் காலாகத் தொட்டுப் பார்ப்பாள். சூடாக இருந்தால் அடுத்தவரிடம் போவாள். நான் இவர்களைக் காப்பாற்றுகிறேனா, சாவதற்கு நிழல் கொடுக்கிறேனா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருநாள் அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். "என்னால ஆவல, அமலம். சாவிய கொண்டுபோயி குடுத்துடறேன்." அமலம்மாள் கரண்டியை எடுத்துக் கழுவித் தானே கிண்டத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் சபூரா எழுந்து தட்டுகளை அடுக்கினாள்.

நல்லமுத்து கிட்டங்கியில் கஞ்சிக்குத் தண்ணீர் சுமந்தான். பெரியவள் செல்லி அவன் பின்னாலேயே அலைவாள். குழந்தை வள்ளியம்மா சபூராவின் மடியில் டின் பாலும் கஞ்சித் தண்ணியும் குடித்துக் கிடந்தது. அந்தப் பேரை வைத்தது செத்துப்போனவள் என்று நல்லமுத்து ஒருமுறை சொன்னான். பெண்டாட்டியைப் பற்றி அவன் பேசியது அவ்வளவுதான்.

கடைசியில் கப்பல் வந்தது. வேலையிழந்தவர்களைச் சர்க்கார் செலவில் நாகப்பட்டினத்துக்கு அனுப்புகிறார்கள் என்று பேர் பதிய ஆள் வந்தார்கள். அதே வாரத்தில் ஹனீபாவும் வந்தார். அவர் வியாபாரமும் முழுகிவிட்டது, கிட்டங்கியை விற்றுவிட்டார். "என் கையில ஒண்ணுமில்ல சபூரா, அல்லா மேல சத்தியமா" என்றபோது அவர் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

ஆக, கப்பலில் ஏறுகிறவன் ஏறலாம். ஏறாதவன் திரும்ப நடைபாதைக்குத்தான் போக வேண்டும்.

கப்பல் ஏறும் அன்று குழந்தைக்கு உடம்பு கொதித்தது. சபூரா அதைச் சேலையால் பொத்தித் தூக்கிக்கொண்டு துறைமுகம்வரை போனாள். வாசலில் வெள்ளைக்கார டாக்டர் ஒவ்வொருவர் நாக்கையும் கண்ணையும் பார்த்து உள்ளே விட்டார். நல்லமுத்துவை விட்டார். செல்லியை விட்டார். குழந்தையின் நெற்றியில் கை வைத்ததும் முடியாது என்று தலையசைத்தார். பக்கத்தில் நின்ற தமிழ்க் குமாஸ்தா சொன்னார்: "காய்ச்சல் புள்ள ஏறப்படாது. நீங்க ஏறுங்க, இல்லாட்டி ஒதுங்கி நில்லுங்க. பின்னால ஆள் இருக்கு."

"அடுத்த கப்பல் எப்ப?" என்று சபூரா கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்?"

நல்லமுத்து ஒதுங்கி நின்றான். முதலில் கப்பலைப் பார்த்தான். பிறகு செல்லியைப் பார்த்தான். சபூராவின் தோளில் கிடந்த சிறு தலையைப் பார்த்தான்.

"பாயம்மா," என்றான். "நின்னா ரெண்டும் சாவும்."

"பேசாத. நான் வாங்கிக்க மாட்டேன். உசுரோட இருக்கற அப்பன்கிட்டருந்து புள்ளய வாங்கற பாவம் எனக்கு வேணாம்."

"ஒண்ணையாவது ஊருல சேத்துட்டு ஓடியாந்துடறேன் பாயம்மா. மறுபடி ஆள் எடுப்பாங்க. மொதக் கப்பல்ல வருவேன். வள்ளியம்மான்னு கேட்டு வருவேன்."

அவள் குமாஸ்தாவிடம் கெஞ்சினாள். டாக்டரின் கால்பக்கம் குனிந்தாள், அவர் பின்வாங்கினார். சங்கு ஊதியது. செல்லி தங்கச்சியின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாள். நல்லமுத்து அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினான். அப்போது அவன் முகத்தைப் பார்க்கச் சபூராவுக்குத் தைரியம் வரவில்லை. சிறுமியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பலகையில் ஏறிப் போனான்.

குழந்தை செத்துவிடும் என்றே அவள் நினைத்தாள். ஆனால் சில நாளில் காய்ச்சல் இறங்கியது. அன்றைக்குத்தான் அவள் தாங்கமுடியாமல் தவித்தாள். கப்பல் ஒரு வாரம் பிந்தியிருக்கக் கூடாதா?

கிட்டங்கியில் மிச்சமிருந்த நோயாளிகளைத் தன் இரண்டு அறை வீட்டில் படுக்கவைத்தாள். அவர்களில் சிலர் பிழைத்து வேலை தேடிப் போனார்கள், சிலர் பிழைக்கவில்லை. நோய்வீடு என்று பெயராகி, மய்யித்துக் குளிப்பாட்டும் வேலைக்கும் அவளைக் கூப்பிடுவது குறைந்தது. அமலம்மாளோடு சேர்ந்து துணி துவைத்துப் பிழைத்தாள்.

பிள்ளை வளர்ந்தது. அண்டை வீட்டு ஹபீபா பீவி நல்ல மனசோடுதான் கேட்டாள். "ஒன் வீட்ல வளர்ற புள்ளைக்கு ஏன் இந்தப் பேரு? ஜன்னத்துன்னு வெச்சுக்க. நாளைக்கு ஒரு நிக்காஹ் நடக்கணும்லா."

"அவன் வந்து எந்தப் பேரச் சொல்லிக் கேப்பான், அக்கா? ஜன்னத்துன்னா அவனுக்குத் தெரியுமா?"

1934இல் ரப்பர் விலை நிமிர்ந்தது. தோட்டங்களுக்கு மறுபடி ஆள் எடுத்தார்கள். கப்பலில் வந்ததும் நோய் பரவாமலிருக்கத் தனியே காவலில் வைத்திருந்து விட்ட புது ஆட்களைப் பிறைக்குப் படகேற்றப் படகுத்துறைக்குக் கொண்டுவருவார்கள் என்று தெரிந்ததும், சபூரா அங்கே போய் நிற்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு கூட்டத்திலும் நல்லமுத்து பேரையும், அவன் சொல்லியிருந்த ஊர்ப் பேரையும் கேட்டாள்.

ஒருநாள் ஒரு வாலிபன் நின்றான். பக்கத்தில் வயிற்றுப்பிள்ளைக்காரப் பெண்டாட்டி.

"நம்ம ஊருதாம்மா. நல்லமுத்து சித்தப்பன்தான? அவரு கரைக்கே வல்லியே. கப்பல்ல பேதி. கடல்லயே போட்டுட்டாங்களாம்."

சபூரா படகுத்துறைத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"கூட ஒரு பொண்ணு... செல்லி..."

"அது வந்துச்சு. யாரோ கொண்டாந்து வுட்டாங்க. எங்க வூட்டுப் பக்கம்தான் இருக்கு. மாடு மேய்க்குது." அவன் கொஞ்சம் தயங்கினான். "அது பேசறதில்லம்மா. வந்ததுலேருந்து ஒரு வார்த்த பேசல."

படகு ஏறச் சொல்லிக் கங்காணி கத்தினான். அந்த வாலிபன் நகராமல், "நீங்க இங்கத்த ஆளா? தோட்டம் எப்படிம்மா இருக்கும்? நல்லா இருக்குமா?" என்று கேட்டான். பெண்டாட்டியும் சபூராவின் வாயையே பார்த்தாள். ஏறும் நேரத்தில் இதுகளிடம் என்னத்தைச் சொல்வது?

"என்னைக்காவது தொரத்திவுட்டா, ரோட்ல படுக்காதீங்க. ஆச்சின் தெருவுல சபூரா வூடுன்னு கேளுங்க. யாருன்னாலும் காட்டுவாங்க" என்றாள். அந்தப் பெண்ணை இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தாள்.

படகு போன பிறகும் வெயிலில் நின்றாள். பிறகு வீட்டுக்கு நடந்தாள். வழியெல்லாம் அழுகை வரவில்லை. நாலு வயது வள்ளியம்மா வாசலில் அமலம்மாள் துவைத்துப் போட்ட துணிகளின் நடுவே விளையாடிக்கொண்டிருந்தாள். சபூராவைக் கண்டதும் ஓடிவந்து, "உம்மா, பசிக்குது" என்றாள்.

அமலம்மாள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "இனி கேட்டு வர ஆளில்லியாக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சபூரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சோற்றைப் பிசைந்து ஊட்டும்போதுதான் அவள் உடைந்தாள். பிள்ளை மென்றுகொண்டே, ஏன் என்று தெரியாமல், அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டது. செல்லியைப் பற்றி வள்ளியம்மாவிடம் எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று சபூராவுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, அதற்குப் பிறகு பல வருஷமும் தெரியவில்லை.