மேடில்லாத தெருக்கள்

டிராவல்ஸ் ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் ஊர் சுற்றியவர்கள் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல்: நான் இதுவரை போன அதிகபட்ச தூரம் மதுரை விமான நிலையம், அதுவும் கண்ணாடிக் கதவு வரைக்கும்.

எங்கள் அலுவலகம் ராஜபாளையத்தில் ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறேன். வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான்தான். அதனாலோ என்னவோ, எங்காவது தப்பு செய்துவிடுவேன் என்ற பயம் எப்போதும் கூடவே இருக்கும். எதையும் மூன்று முறை பார்ப்பேன். வெளிநாட்டுக்குப் போன வாடிக்கையாளர்கள் வழி கேட்டும், சாப்பாடு கேட்டும், கோபப்பட்டும் கூப்பிடுகிற போனை எடுப்பது என் வேலை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து "செக் பண்ணிச் சொல்றேன் சார்" என்று நாள் முழுக்கச் சொல்லிப் பழகிய உங்களுக்கு இதில் பாதி தெரிந்த கதையாகத்தான் இருக்கும். மீதிப் பாதியை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் போல இருக்கிறது.

நாலு டிக்கெட்

போன கார்த்திகையில் சங்கரலிங்கம் ஐயா வந்தார். மில்களுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் கடைக்காரர். எங்களிடம் வருகிறவர்கள் பாரிஸ் கேட்பார்கள், சுவிஸ் கேட்பார்கள். இவர் போனை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினார். மஞ்சள் நிறச் சின்ன டிராம் ஒன்று, சந்து மாதிரி ஒரு தெருவில், வீட்டுச் சுவர்களை உரசாத குறையாக மேலே ஏறிக்கொண்டிருந்தது. போர்ச்சுகலில் உள்ள லிஸ்பன். "இது எந்த ஊரோ அந்த ஊருக்கு நாலு பேரு" என்றார். அவர், மனைவி, மகன் செந்தில், மருமகள் அனிதா. மனைவியின் பெயரைக் கேட்டேன். வாயால் சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைத் திறந்து என் பக்கம் நகர்த்தி வைத்தார். கோமதி என்று நானே பார்த்து எழுதிக்கொண்டேன்.

ஏன் லிஸ்பன் என்று சும்மாதான் கேட்டேன். "அவளுக்கு முழங்கால் தேஞ்சு போச்சு பாப்பா. புரட்டாசி சனிக்கு நான் மலை ஏறிப் பெருமாளைக் கும்பிட்டுட்டு வருவேன். அவ அடிவாரத்துல உக்காந்திருப்பா. பத்து வருசமா இப்படித்தான். உக்காந்துக்கிட்டே உச்சிக்குப் போற ஊரு ஒண்ணு இருக்குன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அவர் சொன்ன மலை, எங்கள் ஊர்ப் பக்கத்தில் பெருமாள் கோயில் இருக்கிற திருவண்ணாமலை; தீபத்துக்குப் பேர்போன ஊர் இல்லை. பிறகு லிஸ்பன் வரைபடத்தில், டிராம் போய் நிற்கிற உச்சியில், ஆறு தெரியும் ஒரு இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு, மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். இதையெல்லாம் குறித்துக்கொள்ள நான் நோட்டை எடுத்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

"அவகிட்ட சொல்லிராத. அங்க கூட்டிட்டுப் போயி உக்கார வச்ச பொறவு நானே சொல்லிக்கிறேன்."

மூணு டிக்கெட்

மாசியில் செந்தில் சார் மொட்டைத் தலையோடு வந்தார். நெஞ்சுவலி என்று அப்பாவை மதுரைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. டூரை நிறுத்தக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கையைப் பிடித்துச் சொன்னாராம். அதனால் மே மாதம் மூன்று பேராகப் போவதென்று முடிவு செய்திருந்தார்கள்.

பயணத்துக்கு முன் சரிபார்க்க வேண்டியவை என்று என் நோட்டில் இரண்டு பக்கப் பட்டியல் உண்டு. பாஸ்போர்ட் காலாவதித் தேதி, போட்டோ அளவு, இன்சூரன்ஸ், கோமதி அம்மாவுக்கு விமான நிலையத்தில் சக்கர நாற்காலி, பிரஷர் மாத்திரைக்கு டாக்டர் சீட்டு. எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன். மேனேஜர் பால்ராஜ் அண்ணன் "எல்லாம் பாத்துட்டியா?" என்று கேட்டதற்கு "பாத்துட்டேண்ணே" என்றேன். அது உண்மை என்றுதான் நினைத்தேன். பெயர்ப் பட்டியலைத் திருத்தப் பேனாவை எடுத்தபோது செந்தில் சார் மெதுவாகச் சொன்னார்.

"அப்பா பேர் மேல கோடு போட்டுராதீங்க. புதுசாவே ஒரு தாள் அடிச்சுக் குடுங்க. அம்மா பாப்பாங்க."

படிக்கட்டு முன்னால்

ஐயா தேர்ந்தெடுத்த ஓட்டல் பழைய லிஸ்பனில், ஜன்னலைத் திறந்தால் ஆறு தெரிகிற இடத்தில் இருந்தது. டாக்ஸி கீழேயே நின்றுவிடும். அங்கிருந்து படிக்கட்டு. சாயங்காலம் ஐந்து மணிக்கு, அங்கே பட்டப்பகலில், செந்தில் சார் கூப்பிட்டார். "அம்மா ஏற மாட்டேங்காங்க." முழங்கால் என்று நினைத்து, ஓட்டலில் சொல்லித் தூக்கிவிட ஆள் வரச் சொல்கிறேன் என்றேன். "முழங்கால் இல்லங்க" என்று போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

"ஏம்மா, நீ படிச்ச பிள்ளை. உள்ளதைச் சொல்லு. அவிய போயி இன்னும் வருசம் திரும்பல. மலை ஏறக்கூடாது. இது மலையா, மேடா? மேடுன்னா ஏறிருதேன்."

என் சித்தப்பா இறந்த வருடம் எங்கள் வீட்டிலேயே யாரும் மலை ஏறவில்லை. எனக்குத் தெரியாத வழக்கம் இல்லை இது. ஆனால் லிஸ்பன் எனக்குத் திரையில் இருக்கிற ஊர். திரை தட்டையாக இருக்கிறது. இரண்டு பக்கப் பட்டியலில் இது இல்லை. பக்கத்தில் நின்ற பால்ராஜ் அண்ணன் போன் மேல் கையை வைத்து, "மேடுன்னு சொல்லித் தொலை" என்று வாயசைத்தார். நான் கையை விலக்கி, "மலைதாம்மா. அந்த ஊரே ஏழு மலை மேல இருக்குன்னு சொல்வாங்க" என்றேன். அம்மா "சரி" என்றார்கள். பெட்டியைப் படுக்கவைத்து அதன்மேல் உட்காரும் சத்தம் கேட்டது. செந்தில் சார் போனை வாங்கினார்.

"நீங்க எங்களுக்கு ஏஜென்டா, எமனுக்கு ஏஜென்டா?"

அடிவாரம்

ஒரு மணி நேரத்தில் கீழே சமதளத்தில் வேறு ஓட்டல் பிடித்துவிட்டேன். அதன் பிறகு கோமதி அம்மாவுக்காக ஏறாத லிஸ்பன் ஒன்றைத் தயாரிக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு தெருவின் படத்தையும் கணினியில் திறந்து, வாசற்படிகள் சாய்ந்திருக்கின்றனவா என்று பார்த்தேன். தேறியவை: ஆற்றங்கரையில் பெரிய சதுக்கம், அதற்குப் பின்னால் கட்டம் போட்டது மாதிரி நேர்த் தெருக்கள், ஆற்றோரமாகவே போகிற இன்னொரு டிராம், அது போய்ச் சேரும் பழைய மடாலயம், அங்கே மேல்பக்கம் கருகினாற்போல் சுட்டுத் தரும் முட்டை டார்ட் என்கிற இனிப்பு. இவ்வளவுதான். அதெல்லாம் சாமி மலைக்குத்தான் என்று மகனும் மருமகளும் காலையில் மேலே கிளம்பிய பிறகு அம்மா சதுக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து என்னைக் கூப்பிடுவார்கள். இங்கே மதியம் ஒன்றரை. நான் டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரம்.

"இன்னிக்கு என்ன கொண்டாந்தே?" என்பார்கள். புளிச்சோறும் கத்திரிக்காயும் என்றால், முந்தின நாள் அவர்கள் சாப்பிட்டதைச் சொல்வார்கள். "மீனை முழுசா சுட்டு வச்சிருக்கான். உப்பைத் தவிர ஒண்ணும் கிடையாது. நான் பையில இருந்த மொளகாப்பொடியத் தூவுனேன். பரிமாறுற ஆளு எனக்கும் குடுன்னு கையை நீட்டி நக்கிப் பாத்துட்டு உள்ள ஓடிட்டான்." இன்னொரு நாள்: "சோறு இருக்கும்மா. தக்காளி போட்டுக் கொழைய வச்சிருக்கான், காய்ச்சல்காரிக்கு வச்ச மாதிரி. இருந்தாலும் சோறு." மொச்சை மாதிரி மஞ்சளாக ஒரு பயறு, உப்புத் தண்ணீரில் ஊறியது, தோலை அமுக்கினால் உள்ளே இருப்பது வழுக்கிக்கொண்டு வாய்க்குள் விழுமாம். அது மட்டும் அவர்களுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மூன்றாம் நாள், தனியாக உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்குப் பழக்கம்தாம்மா. புரட்டாசிக்குப் புரட்டாசி அடிவாரத்துல அவிய செருப்புக்குக் காவலா உக்காந்திருப்பேன். என்ன, இங்க யாரும் செருப்பைக் கழட்டிப் போடல."

வட்டம் போட்ட இடம்

நாலாம் நாள் அனிதா கூப்பிட்டாள். செந்தில் சார் படிக்கட்டுச் சம்பவத்துக்குப் பிறகு என்னோடு பேசுவதில்லை. என்ன வேண்டுமானாலும் அனிதா வழியாகத்தான் வரும். "மாமா மேப்ல வட்டம் போட்ட இடத்துக்கு வந்திருக்கோம் மகேஸ். இதுல என்ன விசேஷம்? ஆறும் ஓட்டுக் கூரையும்தான் தெரியுது. எதுக்கு வட்டம் போட்டாங்கன்னு உங்ககிட்ட ஏதும் சொன்னாங்களா?"

சொன்னார்கள். சொல்லாதே என்றும் சொன்னார்கள். சொல்ல வேண்டியவர் இப்போது இல்லை. அவருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறதா, போய்விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னால், வருடம் திரும்பாத அம்மாவை வற்புறுத்தி மலையேற்றியது போலாகும். "செக் பண்ணிச் சொல்றேன்" என்றேன். எதைச் செக் பண்ணுவது? நீங்களும் இப்படி எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள். அனிதா வைக்கவில்லை. அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்.

"இங்கருந்து அத்தை உக்காந்திருக்கிற சதுக்கம் தெரியுதுங்க. ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஐஸ்கிரீம் வாங்கிட்டோம். அதைப் பாத்துக்கிட்டே எப்படிங்க திங்க?"

கடைசி நாள்

மறுநாள் அவர்கள் கிளம்பும் நாள். காலையில் பஸ்ஸில் வரும்போது ஜன்னலோரம் மலை கூடவே வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிடுவது. ஏறுவதா வேண்டாமா என்பது அவர்கள் பாடு. டிராமின் முதல் நிறுத்தம் சமதளத்தில்தான் இருக்கிறது, அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும், போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம் போதும். எல்லாவற்றையும் மூன்று முறை பார்த்து வைத்தேன்.

ஒன்றரைக்கு அம்மா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அனிதாவிடம் சொல்லிவிடச் சொல்லலாம். ஆனால் இது இன்னொருவர் வாய் வழியாகப் போகிற செய்தி இல்லை. டிபன் பாக்ஸைத் திறக்காமலே மூடி வைத்தேன். மூன்றரைக்கு எடுத்தார்கள். பெட்டி கட்டுகிற அவசரத்தில் போன் பைக்குள் போய்விட்டதாம். பின்னால் விமான நிலைய அறிவிப்பு கேட்டது. பெட்டிகளைப் போட்டு முடித்துப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் இருந்தார்கள். அப்போதும் சொன்னேன். வீடியோ, டிராம், அடிவாரம், வட்டம், "நானே சொல்லிக்கிறேன்" என்றது, எல்லாவற்றையும். அந்தப் பக்கம் அறிவிப்பு இரண்டு மொழியில் முடிந்து மறுபடி தொடங்கியது.

"சரிம்மா. செருப்பைக் கழட்டச் சொல்லுதாக. வைக்கேன்."

மாடிப்படி

இரண்டு வாரம் கழித்துக் கோமதி அம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து ஏறி வந்தார்கள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "இது மலையும் இல்ல, மேடும் இல்ல, மாடி. ஏறலாம்ல?" என்றார்கள். பால்ராஜ் அண்ணன் சிரித்துவிட்டு, சிரிக்கலாமா என்று என்னைப் பார்த்தார். ஒரு பாட்டிலில் அந்த மஞ்சள் பயறு கொண்டுவந்திருந்தார்கள். மேஜையில் வைத்துவிட்டு, ஐயா உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, "அவிய சொன்னதை இன்னொரு மட்டம் சொல்லு. ஒண்ணும் விடாம" என்றார்கள்.

சொன்னேன். குறித்துக்கொள்ளாத பேச்சு. ஆனால் ஒரு சொல்லும் மறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்கள். திரும்பச் சொல்லச் சொன்னார்கள். திரும்பவும் சொன்னேன். பிறகு கண்ணைத் திறந்து, மேஜையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள். "கோமதின்னு பேர் சொல்லிச் சொன்னாகளா? கட்டிக்கிட்டு வந்த நாள்லேருந்து என் காதுபட ஒருநாளும் சொன்னதில்ல. வெளி ஆளுககிட்டயாவது சொன்னாகளான்னு கேக்கேன்."

நகர்த்தி வைத்த பாஸ்போர்ட் என் கண் முன்னால் வந்தது. "'அவ'ன்னுதாம்மா சொன்னாங்க" என்றேன்.

அவர்கள் தலையை ஆட்டினார்கள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். வாசல் வரை கூடப் போனேன். முதல் படியில் காலை வைக்கும் முன் நின்று, என் முகத்தைப் பார்த்தார்கள். அதுவரை "ஏம்மா" என்றே கூப்பிட்டவர்கள் அன்றுதான் வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவது போல மாற்றிக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, மலைய மேடுன்னு சொல்லத்தான் உனக்கு வாய் வரல. இதுக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல."

என் நோட்டில் அந்த இரண்டு பக்கப் பட்டியலோடு "வீட்டில் வருடம் திரும்பாத துக்கம் உண்டா" என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டேன். பொய் சொல்ல வேண்டிய இடத்தை எப்படிச் சரிபார்ப்பது என்பதற்கு மட்டும் இன்னும் வரி கிடைக்கவில்லை.