இன்றும் அமாவாசை

எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர்களை அம்மா எவ்வளவுதான் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாலும், மறுநாள் காலையில் ஏதாவது ஒரு டம்ளரில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை வந்து உட்கார்ந்துவிடும்; காபியை வாயருகே கொண்டுபோனால் டிகாக்‌ஷன் மணத்தோடு சாக்பீஸ் மாவும் லேசாக மூக்கில் ஏறும். அது அப்பாவின் விரல். அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் அவர் டைம்கீப்பர். வாலாஜாபாத் வண்டி, அரக்கோணம் வண்டி, வந்தவாசி வண்டி என்று எல்லாவற்றுக்கும் வரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் கரும்பலகையில் எழுதி, விசிலை ஊதி, கையை வீசி அனுப்பிவைத்தே தலை நரைத்தவர். அவர் ஓய்வு பெற்ற வருஷத்துக் கோடையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். நானும் தபால் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் அந்த மனுஷர் பட்ட பாடு எனக்கு உறைக்கிறது.

வேலையை விட்டு வந்த மறுநாளே எங்கள் வீட்டை பஸ் ஸ்டாண்டாக மாற்றிவிட்டார். குளிக்கப் போனவர்கள் வெளியே வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "பின்னால வண்டி நிக்குது, சீக்கிரம் எடு" என்பார். இட்லி எப்போது வெந்து இறங்கும் என்று வாட்சைப் பார்த்துச் சொல்லி, அடுப்பாங்கரைச் சுவரிலும் சாக்பீஸால் எழுதிவைப்பார். சொன்ன நேரத்துக்கு இறங்காவிட்டால் அடுப்பருகே வந்து நிற்பார். இதில் கூத்து என்னவென்றால், காலையில் எழுந்ததும் பழையபடி காக்கிச் சட்டையை மாட்டிக்கொள்வார், அந்தச் சட்டைக்குக் கஞ்சி போட்டு மொடமொடவென்று இருந்தாக வேண்டும். "ரிட்டையர் ஆன சட்டைக்கு இன்னாத்துக்குங்க கஞ்சி? அதுவாவது கொஞ்சம் தொளதொளன்னு இருக்கட்டுமே" என்று அம்மா முணுமுணுப்பாள், முணுமுணுத்துக்கொண்டே போட்டும் கொடுப்பாள். எனக்கும் என் தம்பிக்கும் அப்போது சிரிப்பு தாங்காது. இப்போது சிரிப்பதில்லை. ஓய்வு பெற்ற புதிதில் நானும் ஆபீஸ் புடவையைக் கட்டி, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்படிவரை போய், எங்கே கிளம்பினோம் என்று புரியாமல் திரும்பி வந்திருக்கிறேன்.

ஒருநாள் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எழுதணும்னா வெளிய எங்கயாவது போய் எழுதுங்க. என் அடுப்பாங்கரையில நேரம் குறிச்சிக்கினு நிக்காதீங்க" என்று கத்திவிட்டாள். அவள் கோபத்தில் சொன்னதை நைனா நல்ல யோசனையாக எடுத்துக்கொண்டார். பழைய கதவுப் பலகை ஒன்றுக்குக் கறுப்பு அடித்து, தெருக்கோடியில் பஜனைக் கோயில் சுவரில், தண்ணீர்க் குழாய்க்கு நேர் மேலே மாட்டினார். தினமும் விடிந்ததும் குடத்தோடு வரும் பெண்களின் கண்ணில் அதுதான் முதலில் படும். மேலே தமிழ்த் தேதியும் திதியும். அதன் கீழே, "குழாயில் இன்று தண்ணீர் சீக்கிரம் நின்றுவிடும்", "பால்காரர் மகளுக்குப் பிரசவம், பால் தாமதம்" என்று தெருச் செய்தி. அதற்கும் கீழே, "தெரிந்துகொள்ளுங்கள்" என்று தலைப்புப் போட்டு ஒரு சரித்திரத் துணுக்கு. பல்லவ ராஜாக்களின் கதை முழுவதும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் சிற்பமாக இருப்பதையும், சீன தேசத்து யாத்திரிகர் ஒருவர் அந்தக் காலத்திலேயே நம் ஊருக்கு வந்துபோனதையும், நம் ஊர்ச் சிவன் கோயில்களில் அம்பாளுக்குத் தனிச் சன்னதி இல்லாமல் எல்லோருக்கும் சேர்த்துக் காமாட்சி ஒருத்தியே இருப்பதையும் நான் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, அந்தப் பலகையில்தான் படித்தேன். கோயில் பார்க்க வந்து பஸ்ஸுக்காகக் காத்து நின்ற வெளியூர்க்காரர்களின் பேச்சிலிருந்து இத்தனை வருஷமாக நைனா பொறுக்கிச் சேர்த்த சரக்கு அதெல்லாம்.

எதிர்வீட்டு ஏகாம்பரம் மட்டும் வம்புக்கு வருவார். பட்டு நெய்கிறவர், நைனாவை விட வயதில் சிறியவர், வாய் மட்டும் ரொம்பப் பெரியது. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தின் நான்கு கிளைகளில் நான்கு ருசியில் பழம் என்று நைனா எழுதிய அன்று, "ஏண்ணா, நாலையும் நீ தின்னு பாத்தியா? இல்ல பஸ்ஸுல வந்தவன் சொன்னானா?" என்று தெருவே கேட்கும்படி கேட்டார். "உன் பேரையே அந்த சாமிகிட்டதான கடன் வாங்கி வெச்சிருக்காங்க, நீயே போய் கேளேம்பா" என்றார் நைனா. அன்று முழுவதும் அவருக்கு முகம் மலர்ந்தே இருந்தது. அவர் எழுதுவதை ஒருவர் படித்துவிட்டுச் சண்டைக்கு வருகிறாரே, அதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வீடு தறி. ஞாயிற்றுக்கிழமை என்பது ஆபீஸ்காரர்களின் லீவு. தறிக்கு லீவு அமாவாசைதான். அன்றைக்குத் தறியில் கை வைக்கமாட்டார்கள். முன்னோர்களுக்குப் படைத்து, காக்கைக்குச் சோறு வைத்து, கோயிலுக்கோ சொந்தக்காரர் வீட்டுக்கோ போய்விடுவார்கள். ஆகவே எங்கள் தெருவில் கிழமை எவருக்கும் தெரியாது, அமாவாசை எல்லோருக்கும் தெரியும். பலகை வந்த பிறகு அதையும் நைனாவிடம் விட்டுவிட்டார்கள். வீட்டுக் காலண்டரில் தாள் கிழிப்பதைக்கூடப் பலர் நிறுத்திவிட்டார்கள்.

அந்த வைகாசியில் ஏகாம்பரம் தன் தறியில் ஏற்றியிருந்தது தன் சொந்தத் தங்கை தேவியின் கல்யாணப் புடவை. வாழ்நாள் முழுவதும் ஊரார் கல்யாணத்துக்கே நெய்கிறோமே, நம் வீட்டுப் பெண்ணாவது நம் கையால் நெய்ததைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரட்டும் என்று அவருக்கு ஆசை. அரக்கு உடம்பு, பச்சைக் கரை. அமாவாசை கழிந்த வளர்பிறையில் முகூர்த்தம். அமாவாசைக்கு ஒருநாள் லீவு போக மிச்ச நாளில் சரியாக முடித்துவிடலாம் என்று அவர் போட்டுவைத்த கணக்கில் ஒரு நாள்கூட உபரி கிடையாது. தேவி அக்கா தினமும் தறியருகே வந்து எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று சாண் போட்டுப் பார்த்துவிட்டுப் போவாள்.

அப்போதுதான் ஒருநாள் விடியற்காலையில் நைனா பலகையில் "இன்று அமாவாசை" என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

தெருவில் ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது. சத்தம் நின்ற தெருவில் குழாய்த் தண்ணீர் சொட்டுவதுகூடக் கேட்டது. "நாளைக்கின்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்று ஓரிருவர் இழுத்தார்கள். "டைம்கீப்பரே எழுதிட்டாரு, அப்புறம் இன்னா?" என்று மற்றவர்கள் வாயை அடைத்தார்கள். பள்ளிக்கூட விடுமுறையாதலால் பிள்ளைகளுக்கும் தேதி தெரியாது. ஏகாம்பரத்துக்குத் தறியில் துணையாக உட்காரும் மச்சான் முதல் பஸ்ஸிலேயே வாலாஜாபாத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அம்மா வடை பாயசத்தோடு தாத்தாவுக்குப் படைத்து, சுவரில் சோறு வைத்து, காக்கை தின்றதைப் பார்த்துத் திருப்தியாகக் கோயிலுக்குக் கிளம்பினாள். கிளம்பிய வேகத்திலேயே திரும்பி வந்தாள். சன்னதித் தெருப் பூக்காரி சிரித்திருக்கிறாள்: "இன்னாம்மா இன்னிக்கே பூ கேக்குற? அமாவாசை நாளைக்கு ஆச்சே!"

நைனா நம்பவில்லை. "காக்கா வந்து தின்னுட்டுப் போச்சே!" என்றார். "காக்காவுக்கு இன்னா, நீங்க போர்டுல எழுதினத அதுவும் படிச்சிட்டுது" என்றாள் அம்மா. காலண்டரை எடுத்துப் பார்த்தால் சங்கதி விளங்கியது. முந்தின நாள் கஞ்சி போட்ட காக்கிச் சட்டையை ஈரத்தோடு காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். கஞ்சி இறங்கி இரண்டு தாள் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தது. நைனா அதை ஒரே தாளாகக் கிழித்திருக்கிறார். வேலையிலிருந்த காலத்தில் ஒரு வண்டியை ஒரு நிமிஷம் முந்திக் கிளப்பாத மனுஷர், ஒரு தெருவையே ஒரு நாள் முன்னதாகக் கிளப்பிவிட்டார்!

தெரு முழுக்கச் சிரிப்பு. இளவட்டங்களுக்குக் கொண்டாட்டம், இன்றைக்கும் லீவு, நாளைக்கும் லீவு. ஏகாம்பரம் மட்டும் சிரிக்கவில்லை. நிஜ அமாவாசையில் தறியைத் தொட முடியாது. இன்றைக்கு மிச்சமிருக்கும் பொழுதில் நெய்யலாம் என்றால் துணைக்கு ஆள் இல்லை. எங்கள் ஊர்ப் புடவையில் உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் நெய்கிறவர் ஒருவர் போதாது. ஓரமாக இன்னொருவர் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் கரைக்கான நூலோடு ஓடும் நாடாக் கட்டையைக் கோத்து வாங்கி வீச வேண்டும். மற்ற வீடுகளிலும் துணை ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். தேவி அக்கா கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். நைனாவும் பார்த்தார்.

வீட்டுக்குள் போய் சாக்பீஸ் பெட்டியைப் பரண்மேல் தூக்கிப் போட்டார். காக்கிச் சட்டையைக் கழற்றி எறிந்தார். வெறும் பனியனோடு எதிர்வீட்டுக்குப் போய், "ஏகாம்பரம், அந்த ஓரத்துல நான் ஒக்காறேம்பா" என்றார்.

"உனக்குக் கால் மடங்குமாண்ணா?"

"மடங்கலேன்னா மடக்கி வெய்யி."

ஆரம்பத்தில் பார்க்கச் சகிக்கவில்லை. ஏகாம்பரம் மிதியை மிதித்தால் நைனா நாடாவைத் தேடுவார். நாடா கிடைத்தால் இழை விட்டுப்போகும். "அண்ணா, அண்ணா, இன்னும் வரல, நில்லு" என்று ஏகாம்பரம் பல்லைக் கடித்தார். கொஞ்ச நேரம் போனதும் நைனாவுக்கு ஏதோ பொறி தட்டியது. நாடா தன் பக்கம் வந்ததும் "வாலாஜாபாத் வந்தாச்சு" என்றார். வாங்கி வீசும்போது "ரைட்!" என்றார். அவ்வளவுதான், கைக்குத் தாளம் வந்துவிட்டது. வந்தாச்சு, ரைட், வந்தாச்சு, ரைட். அழுத முகத்தோடு எட்டிப் பார்த்த தேவி அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. போகப்போக இரண்டு பேரும் பழைய சண்டைக்கே திரும்பிவிட்டார்கள். சீன யாத்திரிகர் எந்த வழியாக வந்தார், அத்திவரதர் குளத்துக்குள்ளேயே இருப்பது ஏன் என்று வாதம் நடந்தது. வாய்பாட்டுக்கு வாய், கைபாட்டுக்குக் கை. விளக்கேற்றுகிற நேரம்வரை அந்த ஒரு வீட்டுத் தறிதான் தெருவில் ஓடியது.

மறுநாள், நிஜ அமாவாசையன்று, பலகை காலியாக இருந்தது. நைனா முதுகைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். "இனிமே எழுத மாட்டேன், ஒரு தெருவ ஏமாத்தினது போதும்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் ஏகாம்பரம்தான் வாசலில் வந்து நின்றார். "இன்னாண்ணா, போர்டு மொட்டையா இருக்குது? குழாய்கிட்ட பொம்பளைங்க இன்னிக்கு இன்னா நாளுன்னு சண்ட போட்டுக்கினு இருக்காங்க. நீ எழுதாம தெரு எப்டி ஓடும்?" என்றார். நைனா அசையவில்லை. அம்மா ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேலிருந்த பெட்டியை எடுத்து அவர் கையில் வைத்தாள். அடுப்பாங்கரையிலிருந்து அவரை விரட்டியவளும் அவள்தான். அவர் போய் எழுதினார்:

"இன்றும் அமாவாசை."

அன்று எங்கள் தெரு சிரித்த சிரிப்பு பெரிய காஞ்சிபுரத்தில் தொடங்கிச் சின்னக் காஞ்சிபுரம்வரை கேட்டிருக்கும்.

அமாவாசை கழிந்து மச்சான் வந்து சேரும்வரை நைனா அந்த ஓரத்தில் உட்கார்ந்தார். புடவை முகூர்த்தத்துக்கு முதல் நாள் தறியிலிருந்து இறங்கியது. ஒரு பக்கக் கரையில் ஒரு சாண் நீளத்துக்கு அரக்கும் பச்சையும் சேருமிடம் நெளிந்து நெளிந்து போகும். தேவி அக்கா அதைக் கொசுவத்துக்குள் மறைக்கவில்லை. "அங்க மட்டும் பஸ்ஸு நின்னு ஆள் ஏத்திக்கினு போயிருக்குது" என்று கல்யாணத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் காட்டினாள். அந்தக் காக்கிச் சட்டைக்கு அதன்பிறகு அம்மா கஞ்சி போடவில்லை, நைனாவும் கேட்கவில்லை.

இப்போது பஜனைக் கோயில் சுவருக்குப் பளபளவென்று டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். பலகையும் இல்லை, குழாயும் இல்லை. தறிச் சத்தம் மட்டும் இருக்கிறது. ஏகாம்பரத்தின் பிள்ளை நெய்கிறான். நான் காலையில் நடை போய்விட்டு, பால் பாக்கெட் வாங்கி வந்து, தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நைனாவைப் போலவே தேதி, திதி, ஒரு துணுக்கு எழுதிப் போடுகிறேன். கட்டைவிரல் படமும் கும்பிடு படமும் வரிசையாக வரும். படிக்கிறார்களா என்று மட்டும் தெரியாது. போன மாதம் எனக்கு ஒரு குறும்பு தோன்றியது. அமாவாசைக்கு முதல் நாளே, "இன்று அமாவாசை" என்று போட்டேன்.

கட்டைவிரல்கள் வந்தன. கும்பிடுகள் வந்தன. ஒருவர் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார். எதிர்வீட்டுத் தறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர்கூடத் திட்டவில்லை. யாராவது ஒருவர் திட்டியிருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பேன்! விளையாட்டுக்குத்தான் செய்தேன் என்றாலும் மனசு வாடிப்போய்விட்டது.

மதியம் தேவி அக்காவின் போன் வந்தது. கல்யாணமாகிப் பக்கத்தில் இருக்கும் ஓரிக்கைக்குப் போனவள் அங்கேயேதான் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பிறந்த வீட்டுத் தெருவின் சேதிக்காக அந்தக் குழுவிலும் இருக்கிறாள்.

"இன்னாடி எழுதி வெச்சிருக்கிற? உன் பேச்ச நம்பி சோறாக்கி, காக்காய கூப்ட்டு வெச்சும் ஆச்சி. இப்ப என் மருமவ வந்து சொல்றா, அமாவாசை நாளைக்காம்!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "காக்கா வந்துச்சாக்கா?"

"வராம? எங்க வூட்டு ஆளுங்களுக்கு ஒரு உருண்டை, உங்க நைனாவுக்கு ஒரு உருண்டை, எப்பவும் வெக்கிறதுதான்."

இத்தனை வருஷமாக அவள் நைனாவுக்கும் வைக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. தேவி அக்கா திட்டுவதை நிறுத்தவில்லை. நாளைக்கு மறுபடியும் சோறாக்க வேண்டுமே என்று என்னையும் என் வாட்ஸ்அப்பையும் சேர்த்து வைதுகொண்டிருந்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவையும் நைனா ஒரு நாள் முன்னதாகவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.