அத்தைக்கு மட்டும் சொல்லாதே

போன வருஷம் ஏலக்காய் சீசனில் நடந்தது. உத்தமபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடியுமுன்னே ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போய், பொழுது சாய இறங்கி வரும் பெண்களில் நானும் ஒருத்தி.

என் மகள் அப்போது எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. பெற்றோர் கூட்டம் பகலில்தான் நடக்கும். அந்நேரம் நான் ஏலச்செடிக்குள் குனிந்து கிடப்பேன். எப்போதாவது வழியில் பார்த்தால், "நல்லா வாசிக்கிறா" என்பார் டீச்சர். எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. ஏனென்றால் ஒருநாள் வீட்டில் பாடத்தைக் கடகடவென்று வாசித்தாள். சந்தேகப்பட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்தேன். அப்போதும் நிற்காமல் வாசித்தாள்! அத்தனையும் மனப்பாடம்.

இதைப் போய் மதினியிடம் சொல்லித் தொலைத்தேன். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. அதே ஜீப்பில்தான் வேலைக்கு வருவார். அவர் பிள்ளைகள் வேன் ஏறி இங்கிலீஷ் பள்ளிக்குப் போகிறவர்கள்.

"அங்கன தெனமும் டைரியில எழுதி விடுறாக. இங்கன என்ன தெரியுது நமக்கு? பேசாம டி.சி.ய வாங்கிருத்தா" என்று காதில் ஓதிக்கொண்டே இருந்தார். டி.சி. என்றாலே என் மகள் சோறு தின்னாமல் அழுவாள். அந்தப் பள்ளியும் டீச்சரும் அவளுக்கு உயிர். ஆனாலும் அடிப்படையே வராமல் மேல் வகுப்புக்குப் போய் என்ன செய்வாள்? ஒருநாள் வேலைக்கு லீவு போட்டுப் போய் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்த வாரம்தான் டீச்சர் வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பியிருந்தார். கூட்டத்துக்கு வரமுடியாத பெற்றோர் பிள்ளைக்கு இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டுமாம். பிள்ளை அதை வாசிப்பதை அப்படியே பதிவு செய்து அனுப்புவாராம். நடுவில் எடுத்துக் கொடுக்க மாட்டாராம்.

'சமர்த்தாக இரு', 'நன்றாகப் படி' என்று எழுதினால் குத்துமதிப்பாகச் சொல்லிவிடுவாள். நானா விடுவேன்? எந்தப் புத்தகத்திலும் இருக்கக் கூடாது என்று யோசித்து, விடியற்காலை ஜீப் கிளம்புமுன் டீச்சர் நம்பருக்கு எழுதி அனுப்பினேன்: 'இன்று ராத்திரி கோழிக்குழம்பு. எலும்பு இல்லாத துண்டு உனக்கு. அத்தைக்கு மட்டும் சொல்லாதே.'

கோழி எடுக்கிற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. மதினிக்கு எங்கள் வீட்டுக் குழம்பு என்றால் மூக்கில் வியர்த்துவிடும், அதனால் விளையாட்டாக எழுதினேன். ஜீப்பில் என் பக்கத்தில் அவர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்.

தோட்டத்தில் டவர் கிடைக்காது. அன்று கை காய் எடுத்தது, மனசு பள்ளிக்கூடத்தில் கிடந்தது. சாயங்காலம் மலை இறங்கும்போது ஒரு வளைவில்தான் டவர் வரும். போன் சத்தம் போட்டதும் பதறி எடுத்தேன். டீச்சர் அனுப்பியிருந்தார். ஜீப் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை.

"அண்ணே, கொஞ்சம் ஓரங்கட்டுங்கண்ணே, எம்மக வாசிச்சிருக்கா" என்றேன்.

"மழை வர்ற மாதிரி இருக்கு, இப்பத்தானா?" என்று முனகிக்கொண்டே டிரைவர் அண்ணன் வண்டியை அணைத்தார். மதினி, "ஸ்பீக்கர்ல போடு, நாங்களும் கேப்போம்" என்றார். இருந்த பதற்றத்தில் என்ன எழுதினோம் என்பதே மறந்துபோய், போட்டுவிட்டேன்.

"இன்...று ராத்...திரி... கோ... கோழி..." என்று வந்தது என் மகள் குரல். மனப்பாடம் கடகடவென்று ஓடும். இது கல்லிலும் முள்ளிலும் நடந்து வந்தது. 'எலும்பு' வந்ததும் நின்றுவிட்டாள். டீச்சர் வாயே திறக்கவில்லை. "எ... லும்... எலும்பு!" என்று கத்தினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் அடுத்த வரி ஞாபகம் வந்தது. அணைக்கப் போவதற்குள் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அத்... தைக்கு மட்... டும்... சொல்... லாதே."

என் மானம் கப்பலேறியது. அதோடு விட்டாளா? "ஏன் டீச்சர், அத்தைக்கு மட்டும் ஏன் சொல்லக்கூடாது? எங்க அத்தை பாவம்ல?" என்று கேட்டாள். டீச்சர் சிரிக்கிற சத்தத்தோடு பதிவு முடிந்தது.

ஜீப்பில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கில் தலை வைத்துச் சிரித்தார். மதினி மட்டும் சிரிக்கவில்லை. என்னை முறைத்துப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஏண்டி, எழுத்துக் கூட்டி வாசிச்சு எனக்காக ஞாயமும் கேக்குறா. இவளுக்கா டி.சி. வாங்கப் போற?" என்றார்.

"நீங்கதான மதினி வாங்கச் சொன்னீக?"

"நான் ஆயிரஞ் சொல்லுவேன். அண்ணே, வண்டிய எடுத்துக் கோழிக்கடையில நிப்பாட்டுங்க!"

அன்று ராத்திரி மதினி குடும்பத்தோடு வந்து உட்கார்ந்தார். என் மகள் தன் தட்டிலிருந்த எலும்பில்லாத துண்டுகளைப் பொறுக்கி அத்தை தட்டில் வைத்தாள்.

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு, அதே பள்ளிதான். அவளுக்கு வாசிக்க வருகிறது என்பதை எந்த மார்க்கை வைத்தும் நான் நம்பவில்லை. 'ஏன் சொல்லக்கூடாது' என்று அவள் திருப்பிக் கேட்டாளே, அன்றைக்கு நம்பினேன்.