எதிரணி கோல்கீப்பரை ஸ்கூட்டரில் ஏற்றிப்போன ஞாயிறு

புதுச்சேரிக்குப் போகிறவர்கள் கடற்கரையைப் படம் பிடித்துக்கொண்டு திரும்புவார்கள். நான் போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது கால்பந்து பார்க்க. என் தம்பி பிரபு அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு லீக்கில் ஆடுகிறான். அன்றைக்கு அவன் அணிக்கு எதிரணி, ஊரிலேயே பழைய கிளப்புகளில் ஒன்று.

விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம், ஒன்றேகால் மணி நேரம். இறங்கியதும் நானூறு ரூபாய்க்கு நாள் வாடகையில் ஒரு ஸ்கூட்டர் எடுத்தேன். பெட்ரோல் நம் செலவு, ஹெல்மெட் இரண்டாகக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றரைக்குத்தான் ஆட்டம். அதற்குள் அந்தப் பழைய கிளப்பைப் பார்த்துவிடலாம் என்று கடலோர மீனவர் குப்பமான வைத்திக்குப்பம் போனேன். கிளப் என்றால் ஒரே ஓர் அறை, சுவர் நிறைய போட்டோ. செயலாளர் மதலேன் அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டீ வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு போட்டோவாகக் காட்டிக் கதை சொன்னார். பிரெஞ்சுக்காரர் காலத்தில் சர்ச் பள்ளிக்கூடத்துப் பையன்களும் குப்பத்து இளவட்டங்களும் சேர்ந்து ஆரம்பித்ததாம். பட்டாளத்துக்காரர்கள் பூட்ஸோடு ஆட, இவர்கள் வெறுங்காலோடு ஆடியிருக்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பியபோது பாதி டீமும் பிரான்சுக்குக் கப்பல் ஏறிவிட்டது. மிச்சமிருந்தவர்கள் வலை இழுத்துக்கொண்டிருந்த ஒருவரைக் கோலில் நிறுத்தி ஆடினார்களாம். அன்றிலிருந்து இந்தக் கிளப்புக்குக் குப்பத்து ஆள்தான் கோல்கீப்பர். ஒரு முறைகூட முதல் டிவிஷனை விட்டு இறங்கியதில்லை. ஆனால் இன்றைக்குத் தோற்றால் இறங்கிவிடும், டிரா ஆனால்கூடப் பிழைத்துக்கொள்ளும்.

இதைச் சொல்லும்போதே அக்காவின் பார்வை கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கோல்கீப்பர் சேகர் விடியற்காலையில் கடலுக்குப் போனவர், இரண்டு மணியாகியும் கரை திரும்பவில்லை. இன்ஜின் நின்றுவிட்டது, வேறொரு போட் கட்டி இழுத்து வருகிறது என்று மீன் விற்கும் பெண்கள் சொன்னார்கள். டீம் வேன் போய்விட்டது. ஆட்டக்காரர்களின் அடையாள அட்டைகள் எல்லாம் அக்காவின் பையில், அவர் போய்த்தான் ஆகவேண்டும்.

"நீ அவன இட்டாந்துடும்மா. உன்ன விட்டா ஆளில்ல" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார்.

நல்லா மாட்டினேன். இன்னும் ஒரே ஒரு கோல் போட்டால் லீக்கிலேயே அதிக கோல் போட்டவன் என் தம்பிதான். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். எதிரே கோல்கீப்பர் இல்லாவிட்டால் அவனுக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. பேசாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அந்த போட்டோக்களைப் பார்த்த பிறகு மனசு கேட்கவில்லை.

மூன்றேகாலுக்குத்தான் போட் வந்தது. சேகர் அண்ணன் ஈரக் கைலியோடு பின்னால் உட்கார்ந்தார். ரெட்டியார்பாளையம் தாண்டி மைதானம், ஆறு கிலோமீட்டர். வழியெல்லாம் மீன் வாடை. கடலிலேயே இப்படி பயந்ததில்லை, கொஞ்சம் மெதுவாகப் போ என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். ஆட்டம் தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றோம். யார் வண்டியிலிருந்து யார் இறங்குகிறார் என்று பிரபு நன்றாகவே பார்த்தான். நான் ஹெல்மெட்டைக் கழற்றவேயில்லை.

கடைசிவரை கோல் எதுவும் விழவில்லை. முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பெனால்டி, அடிக்க வந்தவன் என் தம்பியேதான். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். பிரபு இடது மூலைக்குத்தான் அடித்தான், நல்ல அடி. சேகர் அண்ணன் பாய்ந்து அதை அப்படியே அள்ளிவிட்டார். "அலே! அலே!" என்று பிரெஞ்சுக்காரர் மாதிரி மைதானமே கத்தியது, நானும் கத்தினேன். யாருக்காகக் கத்தினேன் என்று கேட்காதீர்கள். அப்படியொரு சந்தோஷம். ஆட்டம் டிரா, கிளப் பிழைத்துக்கொண்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மதியம் ஆட்டம் இருக்கிறதா என்று உள்ளூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். நான் பார்த்த ஆட்டத்துக்கு டிக்கெட் இல்லை, நிழலும் இல்லை, அதனால் தொப்பி அவசியம். குப்பத்துக்குக் காலையிலேயே போனால் மீன் மலிவாகக் கிடைக்கும். கிளப் சுவரில் இருக்கும் போட்டோக்களை அவசரமில்லாமல் பாருங்கள், அந்த ஊரின் கதை பாதி அங்கேதான் இருக்கிறது.

திரும்பும் பஸ்ஸில் பிரபுவும் வீட்டுக்கு வந்தான், என் பக்கத்து சீட்டில்தான் உட்கார்ந்திருந்தான். வில்லியனூர் தாண்டும்வரை பூட்ஸ் கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டே வந்தான். கோபமா என்று கேட்டேன்.

"அந்த ஆள் இல்லாம போட்டிருந்தா அதெல்லாம் ஒரு கோலாக்கா?" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சேர்த்துச் சொன்னான்: "ஆனா அம்மாகிட்ட நீயே சொல்லிடு."