முதல் நடைமேடையின் குரல்

ரயில் நிலையத்தில் என் வீட்டுக்காரருக்கு வைத்திருக்கும் பெயர் 'ஒண்ணொண்ணா'. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று யாராவது பதறிக்கொண்டு கூப்பிட்டால், இவர் நிதானமாகப் போய் மூடியைக் கழற்றி, உள்ளே செருகியிருக்கும் கார்டுகள் அத்தனையையும் உருவி மேஜைமேல் வரிசையாக வைத்துவிடுவார். பிறகு ஒன்றைச் செருகுவார். கம்ப்யூட்டரை எழுப்பிப் பார்ப்பார். நோட்டில் எழுதுவார். அணைப்பார். அடுத்ததைச் செருகுவார். பக்கத்தில் நிற்கிறவருக்கு உயிர் போகும். "எல்லாத்தையும் சேத்துப் போட்டா என்ன சார்?" என்று கேட்டால், "ஒண்ணொண்ணாத்தான் போடணும். ரெண்டைச் சேத்துப் போட்டுக் கெட்டுப்போச்சுன்னா, எது கெடுத்துச்சுன்னு யாரைப் போய்க் கேக்குறது?" என்பார்.

வேலையில் மட்டும் இப்படி என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். சளி பிடித்தால் மாத்திரை போடுவார், அல்லது ஆவி பிடிப்பார். இரண்டும் ஒரே நாளில் கிடையாது, எது கேட்டது என்று தெரியாதாம். மூன்று நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆராய்ச்சி நடக்கும். கல்யாணத்துக்கு முன்னால் என்னைப் பார்த்துப் பேச வந்தபோதும் இதே கதைதான். ஒரு சந்திப்புக்கு ஒரு கேள்வி. கோபம் வருமா என்று ஒரு நாள், காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாய் என்று இன்னொரு நாள். பதினோராவது சந்திப்பில்தான் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டார். நான் இரண்டாவதிலேயே பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு ஒன்பது முறை தேநீர் குடித்தேன்.

இருபது வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் கேட்டுக் கேட்டு அவர் வேலை எனக்கும் பாதி தெரியும். கம்ப்யூட்டருக்குள் ஒரு பெரிய பலகை. அதில் வரிசையாக நீளமான பள்ளங்கள், ஸ்லாட் என்பார்கள். ஒலிக்கு ஒரு கார்டு, வலைத்தொடர்புக்கு ஒரு கார்டு என்று அதில் செருக வேண்டும். செருகிவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு கார்டோடும் பேசத் தெரிந்த ஒரு சின்ன நிரலை உள்ளே உட்கார வைத்து, எது யார் என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்கு டிரைவர் என்று பெயர். மற்றவர்கள் அந்த நிரலைப் போட்டுவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். இவர் கிளம்பவே மாட்டார்.

எங்கள் நிலையத்தில் இரண்டு நடைமேடைகள். அறிவிப்பு செய்யும் கம்ப்யூட்டரில் ஒரே கம்பெனியின், ஒரே மாதிரியான இரண்டு சவுண்ட் கார்டுகள். ஒன்று முதல் நடைமேடை ஸ்பீக்கருக்கு, மற்றது இரண்டாம் நடைமேடைக்கு. ரயில் வரும்போது எந்த நடைமேடையோ அங்கே மட்டும், "இந்த நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கும் ரயில் இன்ன ஊருக்குச் செல்லும்" என்று பதிவு செய்த குரல் சொல்லும். அந்தக் கம்ப்யூட்டர் போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை செத்துப்போனது. புதுக் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது ஞாயிற்றுக்கிழமை மதியம். திங்கள் விடிந்தால் அறிவிப்பு ஓட வேண்டும். அதுவரை ஒரு ஊழியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வீடு பார்க்கப் போக வேண்டியிருந்தது. வீட்டுக்காரம்மா நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு வேறு ஒரு குடும்பம் வருகிறது என்றும் சொல்லியிருந்தார். மூன்று மணியிலிருந்து நான் நாலு முறை போன் செய்தேன். நாலாவது முறை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. "உங்க கார்டுங்க ஓடிப் போயிடாது, வீடு போயிடும். சட்டுன்னு செருகிட்டு வாங்க!" என்பது அதில் மரியாதையான பகுதி.

அவர் சட்டென்று செருகிவிட்டு வந்தார். இரண்டு கார்டையும் சேர்த்து. டிரைவரைப் போட்டார். இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே நேரத்தில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அனுப்பினார். இரண்டிலும் சத்தம் வந்தது. மூடியை மாட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். அந்த வீட்டை நாங்கள் எடுக்கவே இல்லை. சமையலறையில் ஜன்னல் கிடையாது.

நடந்தது இதுதான். இரண்டு கார்டும் ஒரே அச்சு. டிரைவருக்கு அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எது முதலில் கண்ணில் படுகிறதோ அதற்கு முதல் எண், அடுத்து வருவதற்கு அடுத்த எண். ஒரே சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகளில் எவன் முதலில் வாசலைத் தாண்டுகிறானோ அவன்தான் மூத்தவன் என்று வைத்துக்கொள்வது போல. பழைய கம்ப்யூட்டர் ஸ்லாட்டுகளை இந்தக் கோடியிலிருந்து எண்ணியது. புதியது அந்தக் கோடியிலிருந்து எண்ணியது. ஒன்றை மட்டும் செருகிக் கேட்டிருந்தால் எந்த நடைமேடையில் சத்தம் வருகிறது என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும்.

திங்கள் காலை முதல் நடைமேடைக்கான குரல் இரண்டாவதிலும், இரண்டாவதற்கான குரல் முதலாவதிலும் ஒலித்தது. மின்னணு அறிவிப்புப் பலகைகளில் எழுத்து சரியாகவே ஓடியது. ஜனங்கள் பலகையைப் பார்த்தார்கள், ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தார்கள், சரியான ரயிலில் ஏறிப் போனார்கள். எட்டு மணிக்கு இவருக்குத் தகவல் வந்தது. ஓடிப்போய்ப் பின்னால் இருந்த இரண்டு வயர்களை மாற்றிச் செருகினார். "அவ்வளவுதானே, முடிஞ்சுது" என்றார் நிலைய அதிகாரி.

முடியவில்லை. பதினொரு மணிக்கு ஒரு பெண் வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு அதிகாரியின் அறைக்குள் வந்தார். பெரிய ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்ப்பவர். பார்வை கிடையாது. ஒன்பது வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தர வேலைக்கான நேர்முகத் தேர்வு அன்று பத்து மணிக்குத் தலைநகரில். ஏழு பத்துக்கு இரண்டு நடைமேடையிலும் ரயில் நின்றது. "இந்த நடைமேடை ரயில் தலைநகர் செல்லும்" என்று குரல் சொன்ன இடத்தில் ஏறினார். அது துறைமுகத்துக்குப் போகும் ரயில். மூன்று நிலையம் தாண்டி டிக்கெட் பரிசோதகர் சொல்லித்தான் தெரிந்தது.

அவர் கத்தவில்லை. "ரெண்டு பிளாட்பாரத்துக் குரலும் இடம் மாறியிருக்கு. யாரோட வேலை இது?" என்று மட்டும் கேட்டார்.

மூலையில் ஸ்க்ரூடிரைவரோடு நின்றுகொண்டிருந்த இவர், "என்னோடது மேடம்" என்றார்.

"நான் யாரையும் கேக்கவே மாட்டேன் சார். ஸ்பீக்கரை நம்பித்தான் ஒன்பது வருஷமாப் போறேன், வர்றேன்."

அன்று மதியம் இவர் சாப்பிடவில்லை. முதலில் வேலையை ஒழுங்காகச் செய்தார். வயரை மாற்றியது பூசி மெழுகும் வேலை; நாளைக்கு இன்னொரு கார்டு செருகினால் மறுபடி எண்ணிக்கை மாறும். அதனால் டிரைவரின் அமைப்புக் கோப்பைத் திறந்து, வரிசை எண்ணைத் தூக்கிவிட்டு, இந்த ஸ்லாட்டில் உட்கார்ந்திருப்பதுதான் முதல் நடைமேடை, அந்த ஸ்லாட்டில் இருப்பதுதான் இரண்டாவது என்று இடத்தின் முகவரியோடு எழுதி வைத்தார். வயரைப் பழையபடி செருகினார். பிறகு வேண்டுமென்றே நடுவில் வேறொரு கார்டைச் செருகிப் பார்த்தார். எடுத்துப் பார்த்தார். எட்டு முறை அணைத்து எழுப்பினார். ஒவ்வொரு முறையும் முதல் நடைமேடை வரைக்கும் நடந்துபோய்க் காதால் கேட்டுவிட்டுத் திரும்பினார்.

ஆனால் அந்தப் பெண்ணின் வேலைக்கு அது என்ன செய்யும்? தலைநகர் அலுவலகத்துக்கு அவர் போன் செய்து கெஞ்சியிருக்கிறார். மூன்று நாளைக்குள் ரயில் நிலையத்திலிருந்து எழுத்தில் காரணம் கொடுத்தால் இன்னொரு தேதி தருவது பற்றி யோசிக்கிறோம் என்றார்களாம். நிலைய அதிகாரி உடனே 'தொழில்நுட்பக் கோளாறு' என்று இரண்டு வார்த்தையில் எழுதி நீட்டினார்.

"இது ஆகாது சார். இதே ஊர்லேருந்து இன்னும் ரெண்டு பேர் அதே தேர்வுக்குச் சரியா வந்துட்டாங்க. கோளாறுன்னா அவங்க மட்டும் எப்படி வந்தாங்கன்னு கேக்குறாங்க" என்றார் அந்தப் பெண்.

"நான் எழுதித் தர்றேன்" என்றார் இவர்.

அதிகாரி இவரைத் தனியே இழுத்துப்போய், "உனக்கென்ன பைத்தியமா? உன் ஒப்பந்தத்தை அடுத்த மாசம் புதுப்பிக்கணும். என் தப்புன்னு நீயே எழுதிக் குடுத்தா யாருப்பா கையெழுத்துப் போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். வீட்டுக்கு வந்ததும் நானும் அதையேதான் கேட்டேன், இன்னும் கொஞ்சம் சத்தமாக.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சாயங்காலம் முழுக்க மேஜையில் உட்கார்ந்து எழுதினார். முடித்ததும் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். மூன்று பக்கம். எந்தக் கார்டு, எந்த ஸ்லாட், என்ன எண், எத்தனை மணிக்கு. பலகை சரி, குரல் மட்டும் தவறு. ஆகவே பார்வையுள்ளவர்கள் தப்பித்தார்கள், காதை நம்பியவர் ஒருவர்தான் ஏமாந்தார் என்று பிசிறில்லாமல் எழுதியிருந்தார். கடைசியில் இப்படி இருந்தது: 'வழக்கமாக நான் ஒவ்வொன்றாகச் செருகிச் சோதிப்பவன். அன்று இரண்டையும் சேர்த்துச் செருகினேன். இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை.'

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "நான் நாலு தடவை போன் பண்ணிக் கத்தினேனே, அதை ஏங்க எழுதல?"

"அது எதுக்கு?"

"அதுதானே காரணம்!"

"நீ போன் பண்ணினே. செருகினது நான்" என்றார். அவ்வளவுதான். சமாதானம் சொல்லும் குரலில்கூடச் சொல்லவில்லை, உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். நான் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். இந்த மனிதரைத்தான் இருபது வருஷமாக மந்தம், அசமந்தம் என்று வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் அதிகாரி அந்த மூன்று பக்கத்தையும் இரண்டு முறை படித்துவிட்டு, "எழுதினது நீ, முத்திரை மட்டும்தான் என்னோடது" என்று சொல்லி முத்திரை குத்தினார். மேலிடத்திலிருந்து இவரிடம் விளக்கம் கேட்டார்கள். இரண்டு வருஷ ஒப்பந்தம் ஆறு மாதமாகச் சுருங்கியது. அது எங்கள் பாடு. தலைநகரில் கடிதத்தைப் படித்துவிட்டு அந்தப் பெண்ணுக்கு வேறு தேதி கொடுத்தார்கள். வேலையும் கிடைத்தது, படிக்கிறவர்கள் மனசு கிடந்து தவிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அவர் இரண்டாம் முறை கிளம்பிய அந்தக் காலையைப் பற்றி.

துணைக்கு வருகிறோம் என்று நாங்கள் கேட்டதற்கு அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. "நான் தனியாத்தான் போவேன். நீங்க ஸ்பீக்கரைப் பாத்துக்குங்க, போதும்" என்று சொல்லிவிட்டார். அதனால் நாங்கள் இருவரும் அவருக்குத் தெரியாமல் முதல் நடைமேடையில் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றோம். இவர் ஆறு மணிக்கே வந்து இரண்டு ஸ்பீக்கரையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டிருந்தார். அப்படியும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏழு பத்துக்கு ரயில் வந்தது. எங்கள் தலைக்கு மேலே குரல் சொன்னது: "இந்த நடைமேடையில் நிற்கும் ரயில் தலைநகர் செல்லும்." அந்தப் பெண் கோலைத் தட்டிக்கொண்டு பெட்டி வாசல் வரைக்கும் வந்தார். கைப்பிடியைப் பிடித்தார். ஒரு காலைப் படியில் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். பிறகு பொதுவாக, யாரைப் பார்த்தும் இல்லாமல், "இது தலைநகர் ரயில்தானே?" என்று கேட்டார்.

வாசலில் நின்ற இரண்டு பேரும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் மறுபடியும் கேட்டார். என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தேன். யாரோ அறைந்தது போல இருந்தது. எட்டு முறை அணைத்து எழுப்பியும் சரி செய்ய முடியாத ஒன்றைக் கெடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். இரண்டடி முன்னால் போனார்.

"தலைநகர்தான் மேடம். ஏறுங்க."

அந்தப் பெண் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். யார் என்று ஒரு கணம் யோசித்தார்.

"ஓ, நீங்களா சார்? நீங்க சொன்னா சரி" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.