"விடு" என்று கத்திய மத்தியானம்

பிள்ளைகளா, பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன் நான், உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். இதைப் படித்துவிட்டு அப்பா கதை விடுகிறார் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் நடந்தது நடந்ததுதான்.

நீங்கள் பிறப்பதற்கு முன்னே கண்டோன்மெண்டில் ஒரு டான்ஸ் ஹாலில் எனக்கு வேலை. தரை தேய்க்கக் கரண்ட் மெஷின் வாங்கியிருந்தார்கள், அடியில் முறம் அகலத்துக்குக் கம்பி பிரஷ், சோப்புத் தண்ணீரை ஊற்றித் தள்ளிக்கொண்டே போகவேண்டும். கைப்பிடியில் இருந்த சுவிட்ச் கெட்டு ஒரு மாசம், சொல்லிப் பார்த்தோம், யார் கேட்டார்கள்? அதனால் பக்கத்து அறையில் மெயின் சுவிட்ச் அருகே உங்கள் மரியதாஸ் மாமா நிற்பான். நான் "விடு" என்று கத்தினால் கரண்ட் விடுவான், "நிறுத்து" என்றால் நிறுத்துவான். நடுவில் சுவர், முகம் தெரியாது.

கிறிஸ்துமஸ் டான்ஸுக்கு முந்தின நாள் மத்தியானம் சாக்கு நூல் ஒன்று பிரஷ்ஷில் சுற்றிக்கொண்டது. நிறுத்தச் சொல்லி, மெஷினைச் சாய்த்து, வலது கையை உள்ளே நுழைத்து இழுக்கிறேன், வரவே இல்லை. எரிச்சலில், நம்பினால் நம்புங்கள், அந்த நூலைப் பார்த்துக் கத்திவிட்டேன், "விடு சனியனே, விடு!"

கத்தின பிறகுதான் புரிந்தது. கையை இழுக்கிறேன், நூல் விரலை இறுக்கிப் பிடித்திருக்கிறது, "நிறுத்து" என்று கத்தவும் நேரமில்லை, கர்த்தாவே என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மெஷின் ஓடவில்லை.

கையைப் பிய்த்துக்கொண்டு ஓடினேன். மரியதாஸ் சுவிட்சுக்கு நாலடி தள்ளி, வெளுத்துப்போய் நின்றான்.

"ஏன்டா போடல?"

"நல்லா கேக்குற மச்சான்! நீதான வந்து 'தொடாதடா'ன்னு என்னத் தள்ளிவிட்டு சுவிட்சப் பிடிச்சுக்கிட்ட?"

"நான் உள்ள இருந்தேன்டா!"

அவன் என் வலது கையையே பார்த்தான். "அப்ப அதுல துணி சுத்தியிருந்துச்சே. ரத்தமா."

சுவிட்ச் பிடியில் சோப்பு நுரை வழிந்துகொண்டிருந்தது. அவன் கையோ காய்ந்திருந்தது.

அன்றிலிருந்து பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் பையில் போட்ட பிறகுதான் பிரஷ்ஷைத் தொடுவேன். நீங்களும் எந்த மெஷினில் கை வைத்தாலும் அப்படியே செய்யுங்கள், இன்னொருத்தன் காதை நம்பாதீர்கள்.

மாமா வீட்டுக்கு வந்ததும் என் வலது கையைப் பிடித்துக்கொள்வதைப் பாசம் என்று நினைக்கிறீர்கள். அவன் விரல்களை எண்ணுகிறான். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு தரம் எண்ணினான்.