தலையெண்ணி அளந்த வீடு

அவருக்குத் தலையெண்ணி என்று பெயர் வைத்தவர்கள் ஏசி கடைக்காரர்கள். வைத்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள். பெரிய வீடு கட்டிவிட்டு எந்த மெஷின் வாங்குவது என்று முழிக்கிறவர்கள், கடைக்காரர் அனுப்பும் ஆளை நம்பாமல் இவரைக் கூப்பிடுவார்கள். டேப்பும் நோட்டுமாக வருவார். ஜன்னலை அளப்பார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், மொட்டை மாடியில் வெறுங்காலோடு நின்று வெயிலைச் சோதிப்பார். கடைசியில் ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்பார்.

"இங்க எத்தனை பேர், எவ்வளவு நேரம்?"

கேட்பதில் நியாயம் இருந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளின் உடம்பிலிருந்தே ஒரு குண்டு பல்பு அளவுக்குச் சூடு வரும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்தால் இரண்டு மூன்று பல்பு. அந்தத் தலைகளை எண்ணாமல் மெஷின் மாட்டினால் ஒரு அறை விறைக்கும், அடுத்த அறை வேகும். தலையெண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் சொன்னதுல பாதி போதும்" என்பார். சொன்னது சொன்னபடி இருக்கும். கடைக்காரர்களுக்கு வயிறு எரிந்ததில் ஆச்சரியமில்லை.

ஒருவர் நடுத்தெருவில், "எங்க பொழப்புல மண்ணைப் போடுறியா?" என்று சட்டையைப் பிடித்தார். பிடித்த கை மணிக்கட்டில் உடைந்தது. இன்னொருவருக்கு முன்பல் இரண்டு போயிற்று. இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமா இது? அந்தக் கை தெருவோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்தது. மனைவியை மூன்று முறை அடித்தார். மூன்றாவது முறை அவள் கன்னம் கதவு நிலையில் மோதிக் கிழிந்தது. ஏழு தையல்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று அவள் அழவும் இல்லை, கத்தவும் இல்லை.

"இன்னொரு தடவை கை நீட்டினா நான் பொண்ணைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். என்னைத்தான்னு இல்ல, யாரை அடிச்சாலும் சரி. தெருவுல அடிக்கிறதும் இங்க அடிக்கிறதும் ஒரே கைதான்" என்றாள்.

நாலு வருஷம் ஆயிற்று. கை நீளவில்லை. கடைக்காரர்கள் காறித் துப்பினாலும் துடைத்துக்கொண்டு போனார். பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் ஒன்று விரிசல் விட்டதாக வைத்தியர் சொன்னார்.

அப்படிப்பட்ட நாளில்தான் கிரானைட் முதலாளி கூப்பிட்டார். மூன்று மாடி, பதினோரு அறை. கோடையில் சுவர் கொதிக்கும், குளிர்காலத்தில் தரை காலைக் கடிக்கும். பழைய மெஷின் இரைச்சல் போடுமே தவிர வேறொன்றும் செய்யாது. முதலாளிக்கு இருபது டன்னில் ஒரே பெரிய மெஷின் வேண்டுமாம்.

"வேண்டாம் சார். தேவைக்கு மேல பெருசா போட்டா நின்னு நின்னு ஓடும். கரண்டைக் குடிக்கும், ஈரம் போகாது, சீக்கிரம் படுத்துடும். மாடித் தளத்துக்குச் சூடு இறங்காம ஒரு பூச்சு போடுங்க. பார்வைக்குப் பதினோரு டன்னுல ஹீட் பம்ப் போதும், தலையை எண்ணிட்டு உறுதியாச் சொல்றேன். கோடையில உள்ள இருக்கிற சூட்டை வெளிய தள்ளும், குளிருக்கு வெளிய இருக்கிற சூட்டை உள்ள இழுக்கும். ரூமுக்கு ஒரு கன்ட்ரோல் வெச்சுட்டா ஆள் இல்லாத ரூம் சும்மா ஓடாது."

"ரூமுக்கு ஒண்ணா? அதெல்லாம் நடக்காது. இந்த வீட்டுல கன்ட்ரோல் ஒண்ணுதான். அது என் ரூம்ல இருக்கும்" என்றார் முதலாளி.

தலையெண்ணி அறை அறையாக எண்ணிக்கொண்டு வந்தார். சமையலறை வாசலில் முதலாளி நிற்காமல் கடந்தார்.

"இங்க யாரும் இல்ல. விட்டுட்டு வாங்க."

உள்ளே முதலாளியின் மனைவி நின்றிருந்தாள். இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவள் கழுத்திலிருந்து வியர்வை வடிந்து ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கண்ணெதிரே ஒரு ஆளை வைத்துக்கொண்டு யாரும் இல்லை என்றால் தலையெண்ணிக்குத் தாங்குமா? தொழில் புத்தி கேட்டுவிட்டது.

"அம்மா, நீங்க இங்க எவ்வளவு நேரம் இருப்பீங்க?"

அவள் கணவனைப் பார்த்தாள். பிறகு நோட்டைப் பார்த்தாள்.

"காலைல அஞ்சு மணிலேருந்து ராத்திரி பத்து வரைக்கும். எழுதிக்கோங்க."

"சமையலறை, ஒரு ஆள், பதினேழு மணி நேரம்" என்று உரக்கச் சொல்லி எழுதினார். முதலாளி பல்லைக் காட்டிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாவது இவர் சுதாரித்திருக்க வேண்டாமா? அடுத்து பழைய குழாய்களில் எங்கே காற்று ஒழுகுகிறது என்று பார்க்க, ஏணியோடு மேல்மாடிக்குப் போய்விட்டார்.

குளிர்காற்றுக் குழாய்க்கு ஒரு குணம் உண்டு. காற்றை ஒழுங்காகக் கொண்டுவராவிட்டாலும் சத்தத்தைக் கொண்டுவந்துவிடும். ஸ்பானரால் மூடியைக் கழற்றித் தலையை உள்ளே விட்டதும் கீழே பேசுவது காதுக்குள் பேசுவதாகக் கேட்டது.

"எழுதிக்கோங்கவா? எவன்கிட்டடி எழுதச் சொல்ற?"

அதன் பிறகு பளாரென்று ஒரு அறை விழுந்தது. பாத்திரம் உருண்டது. இன்னொரு அறை. அவள் கத்தவில்லை, மூச்சை மட்டும் இழுத்துப் பிடித்தாள். அந்தச் சத்தம் தலையெண்ணிக்குப் புதிதல்ல. அவர் வீட்டிலேயே மூன்று முறை கேட்டது.

ஏணியில் நின்றபடி போனை எடுத்தார். போலீஸைக் கூப்பிட்டால் போதும், கை நீட்ட வேண்டியதில்லை. மகளின் முகம் வந்து போயிற்று. விரல் எண்ணை அழுத்தப் போகும்போது குழாய் வழியாக, "வேண்டாங்க, அடுப்பு, அடுப்புங்க!" என்று அலறல் வந்தது. போன் கீழே விழுந்தது. ஸ்பானரோடு படிகளில் பாய்ந்தார்.

முதலாளி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து, அவள் உள்ளங்கையைத் தீயின் மேல் அழுத்திக்கொண்டிருந்தார். தோல் கருகும் நாற்றம் வாசல்வரை அடித்தது. தலையெண்ணி ஸ்பானரை ஓங்கித் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்தது காதில் விழுந்தது. முதலாளி மறு கையால் வாணலியை வீசினார். தலையெண்ணியின் புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மறைத்தது. இரண்டு பேரும் உருண்டார்கள். முதலாளி கடித்தார், இவர் முழங்காலால் நெஞ்சில் ஏறி மூக்கில் குத்தினார். முதலாளியின் கைகள் தரையில் விழுந்தன. சண்டை அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால் அடி முடியவில்லை. மறுபடி குத்தினார், மறுபடியும். முதல் அடி அந்த அம்மாவுக்காக. ஐந்தாவதும் ஆறாவதும் அவளுக்காக இல்லை. நாலு வருஷமாகக் கட்டி வைத்திருந்த கைக்கு அது இனித்தது. வெட்கக்கேடு, ஆனால் உண்மை அதுதான்.

மூச்சு வாங்க எழுந்து அவள் பக்கம் திரும்பினார். மூலையில் வெந்த கையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். தூக்கிவிடக் கையை நீட்டினார்.

அவள் சட்டென்று முழங்கைகளால் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒடுங்கினாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. விரல்களில் ரத்தம் சொட்டியது. அவர் இரண்டடி பின்வாங்கினார். தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் உக்காந்துட்டேன். கிட்ட வர மாட்டேன்."

தலையை மூடிய கைகளுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அந்த ஸ்பானரை இந்தப் பக்கம் தள்ளுங்க."

தள்ளினார். நல்ல கையால் அதை எடுத்துக்கொண்டு அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். தரையில் முனகிக்கொண்டிருந்த கணவனைப் பார்த்தாள். இவரைப் பார்த்தாள். இரண்டு பார்வைக்கும் வித்தியாசம் இல்லை.

"ரெண்டு பேரும் எழுந்திருக்காதீங்க" என்றாள்.

ஸ்பானரை ஓங்கியபடியே இருவரையும் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய், தெருவில் இறங்கி ஓடினாள். தலையெண்ணி எழுந்திருக்கவில்லை.